5¼ இலிருந்து 2¾ ஐக் கழிக்க ஒரு டெப்

“வயது போனவர்களுக்கு இதெல்லாம் சரிவராது. இளம் ஆசிரியர்களைப் பிடித்துப் பழக்கினால் போதும்.”

ஆசிரியர்களுக்கான டெப் (டேப்லெட் கணினி) செயலமர்வு ஒன்றின் தேநீர் இடைவேளையில், ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் ரோல்ஸுமாக நின்ற, பயிற்சி கொடுக்க வந்த வளவாளர் சொன்னது இது. ஆள் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் படிப்பித்தார், பகடியாகத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேச்சு பல மாதங்களாக எனக்குள் கிடந்து குடைகிறது. முழுப் பொய் என்றால் அன்றைக்கே மறந்திருப்பேன். மேலோட்டமாகப் பார்த்தால் உண்மைபோலவே இருப்பதுதான் தொல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் ஐம்பதைத் தாண்டிய டீச்சர்மார் பலர் டெப்பைத் தொடுவதில்லை. கொடுத்தால் மரியாதையாக வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவார்கள். இளையவர்கள் வகுப்புக்குக் கொண்டுபோகிறார்கள். கணக்கெடுத்தால் வளவாளர் வென்றுவிடுவார். ஆனால், ஏன் தொடுவதில்லை என்று அந்தச் செயலமர்வில் ஒருவரும் அவர்களிடம் கேட்கவில்லை. வயது என்ற பதில் கையில் தயாராக இருக்கும்போது கேள்வி எதற்கு?

நான் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) என் பாடமில்லை. வயதில் இளையவன், போன் கொஞ்சம் பிடிபடும் என்பதால் ஆசிரியர் அறையின் சம்பளமில்லாத திருத்துநர் நான்தான். “தம்பி, இது ஏன் சுத்திக்கொண்டே நிக்குது?” “தம்பி, நான் பேசுறது அங்கால கேக்குதில்லையாம்.” பாடவேளைக்குப் பாடவேளை இப்படி யாராவது கூப்பிடுவார்கள். அவர்கள் எங்கே தடுக்குப்படுகிறார்கள், எங்கே வேண்டுமென்றே நின்றுவிடுகிறார்கள் என்பது பக்கத்தில் இருந்து பார்ப்பவனுக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல.

அந்த வளவாளருக்கு நான் முதலில் ஞாபகப்படுத்த விரும்புவது 2020. மார்ச் 13 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது எங்களுக்கு யாரும் செயலமர்வு வைக்கவில்லை. நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர பாடநிகழ்ச்சி போனது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, எல்லாம் சரி. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்றால் அது வட்ஸ்அப் குழுதான். ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தைத் தொற்றுக்குப் பிறகு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்கு ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள், ரீலோட் போடக் காசில்லாத கிழமைகள். சூம் இலவசமாகத் தருவது 40 நிமிடம். எங்கள் ஒரு பாடவேளையும் 40 நிமிடம்தான் என்பதால் முதலில் சந்தோஷப்பட்டோம். பிறகு பார்த்தால், பிள்ளைகள் உள்ளே வந்து சேரவே கால்மணி போய்விடும். வந்த பிள்ளைகளின் டேட்டாவும் பாதியில் முடியும்.

அந்த மாதங்களில் வகுப்பைக் கைவிடாமல் இழுத்துக்கொண்டு போனவர்களில் எங்கள் மூத்த கணித டீச்சரும் ஒருவர். பகுதித் தலைவர். பெயர் போட்டால் என்னைச் சும்மா விடமாட்டார் என்பதால் பெரிய டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம். சூமை அவர் இரண்டு முறை பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவார். ஒரு பதிவில் ஒரு படிதான், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. பிள்ளைகள் கணக்கைச் செய்து கொப்பியைப் படம் பிடித்து அனுப்பவேண்டும். அப்பாவின் போன் வேலையால் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் படங்கள் வரும். இரவு பத்து மணிக்கு அவர் தன் சின்னப் போனில் ஒவ்வொரு கொப்பியையும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார். பின்னொரு நாள் எனக்குச் சொன்னார்: “இத்தனை வருசம் படிப்பிச்சிருக்கிறன், தம்பி. ஒரு பிள்ளையின்ட கொப்பிய இவ்வளவு நேரம் பார்த்ததில்ல. வகுப்பில சரி போடுவம், பிழை போடுவம், அடுத்த கொப்பிக்குப் போயிடுவம்.” இந்தப் பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

கொம்பு முதலா, எழுத்து முதலா

பாடசாலை திரும்பத் தொடங்கிய பிறகு டெப்புகள் வந்தன. அரசாங்கம் 2017 வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவர்களுக்கு டெப் தருவதாகச் சொன்னதும், அது சர்ச்சையாகி ஓய்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்களுக்கு வந்தவை அன்பளிப்பு. அவற்றோடு வந்ததுதான் நான் சொன்ன செயலமர்வு. அதில் கூகுள் போம் என்ற இணையப் படிவத்தில் வினாத்தாள் தயாரிப்பது முதல் பாடம். பெரிய டீச்சர் ஆர்வமாகத்தான் வந்தார். ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். அதற்குள் அவர் வருடக்கணக்காகச் சேர்த்த தவணைப் பரீட்சை வினாக்கள், பயிற்சித்தாள்கள், மாதிரி விடைகள். எல்லாம் பாமினி எழுத்துருவில்.

பாமினி பற்றி இலங்கைத் தமிழ் ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பாடசாலைகளின் வினாத்தாள், அழைப்பிதழ், சுற்றுநிருபம் எல்லாம் ஒரு காலத்தில் அந்த எழுத்துருவில்தான் பிறந்தன. திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். தமிழ் வெறும் முகமூடி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் ஒட்டினால் முகமூடி கழன்றுவிடும். டீச்சர் முதல் வினாவை வெட்டி கூகுள் போமில் ஒட்டினார். பெட்டிக்குள் ஆங்கிலச் சிதறல். திரும்ப ஒட்டினார், அதே சிதறல். வளவாளர் எட்டிப் பார்த்து, “டைப் பண்ணுங்க டீச்சர், சிம்பிள்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

டைப் பண்ணுவது சிம்பிள் இல்லை. பாமினியின் விசைகள் பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வழி வந்தவை. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி தட்டவேண்டும். ‘கொ’ எழுத வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. இன்றைக்கு இணையமும் போனும் பயன்படுத்தும் பொதுக் குறிமுறையான யுனிகோட்டில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பிறகு. போனில் இருக்கும் விசைப்பலகைகள் அந்த முறைக்கே பழக்குகின்றன. இருபது வருடமாகக் கொம்பைத் தேடி முதலில் போன விரலை ஒரு பிற்பகலில் திருப்ப முடியாது. பக்கத்தில் இருந்த இளம் சேர் ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலிப்படி தட்டித் தமிழாக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. டீச்சருக்கு இருந்தது. அதைத்தான் வளவாளர் வயது என்று வாசித்தார்.

அடுத்த நாள் நான் சுரதா இணையத்தளத்தின் எழுத்துரு மாற்றியை டீச்சருக்குக் காட்டினேன். மேலே பாமினியில் ஒட்டினால் கீழே யுனிகோட் வரும். ஈழத்துத் தமிழில் இணையத்தில் எழுதத் தொடங்கிய பலருக்கும் அது பழைய சிநேகிதம். டீச்சர் ஒரு முழு வினாத்தாளை ஒட்டி, கீழே வந்ததை வரிவரியாகச் சரிபார்த்து, ஒரு இடத்தில் எழுத்து குழம்பியிருப்பதையும் கண்டுபிடித்துவிட்டு, “இதை நேற்றுச் சொல்லியிருந்தா இரண்டு மணித்தியாலம் மிச்சமாகியிருக்கும்” என்றார். செயலமர்வின் பாடத்திட்டத்தில் இருந்திருக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். சிங்களப் பிரிவுக்கும் இதே தலையிடி உண்டு. அங்கேயும் யுனிகோட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் பழைய கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. செயலமர்வுக் கையேடோ ஆங்கிலப் படங்களோடு எங்கோ தயாராகி, அப்படியே எங்கள் கைக்கு வந்தது.

அலுமாரிச் சாவி

டெப்பைத் தொடாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது பொருட்பதிவேடு. டெப்புகள் பாடசாலைச் சொத்து. பதிவேட்டில் ஏறியவை. அதிபர் அறை அலுமாரியில் பூட்டி இருக்கும். எடுக்கும்போது கையெழுத்து, திருப்பும்போது கையெழுத்து. விழுந்து கண்ணாடி வெடித்தால் யார் கட்டுவது என்று நான் கேட்டேன். “உடையாமப் பார்த்துக்கொள்ளுங்க” என்பதுதான் பதில். 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு இந்தச் சாமான்களின் விலை எங்கே போய் நின்றது என்று கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஓய்வூதியத்துக்குக் கிட்ட இருக்கும் ஒருவர், தன் மாதச் சம்பளத்தைத் தின்னக்கூடிய ஒரு பொருளை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் நடுவில் கொண்டுபோகத் தயங்குவது பயமில்லை, கணக்கு. 2021 ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரை ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திவைத்தபோது முன்னால் நின்றது சம்பள முரண்பாடு. ஆனால் சொந்தப் போன், சொந்த ரீலோட், சொந்த மின்சாரம் என்ற பேச்சும் ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் இருந்தது. அதற்கு இன்றைக்கு வரை யாரும் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது, பார்ப்பவர்கள். வகுப்பறைக் கதவுக்குள் ஆசிரியர் ஒரு கணக்கைப் பிழையாகத் தொடங்கி, பிள்ளைகள் முன்னாலேயே அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். நல்ல கணித ஆசிரியர்கள் அதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. சூம் வந்ததும் பிள்ளைக்குப் பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் டியூஷன் எடுக்கும் மாமா. எங்கள் டீச்சர் ஒருவரின் ஆங்கில உச்சரிப்பை யாரோ பதிவு செய்து பெற்றோர் குழுவில் போட்டுச் சிரித்தார்கள். அவர் அதற்குப் பிறகு கமராவைத் திறக்கவே இல்லை. அவருக்கு வயது முப்பத்தொன்று.

டெப்பை மேசையில் படுக்கவைத்து

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். இத்தனையும் எழுதத் தூண்டியது அதுதான்.

மேற்பார்வைக்கு ஒரு குழு வந்திருந்தது. வகுப்பறையில் தொழில்நுட்பம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் விசேஷமாக வந்தார்கள். பெரிய டீச்சருக்குத் தரம் 7, முதலாம் பாடவேளை. சுவரில் படம் விழுத்தும் மல்டிமீடியாவை டெப்போடு இணைக்கும் வயர் அடிக்கடி கழன்றுபோகும் என்பதால் என்னையும் கூட வரச்சொன்னார். பின்வாங்கில் அதிகாரி, கையில் படிவம். அவருக்குப் பக்கத்தில் நான்.

டீச்சர் எந்தச் செயலியையும் திறக்கவில்லை. டெப்பில் படங்கள் இருக்கும் கலரிக்குப் போனார். ஒரு படத்தைத் தட்டினார். சுவரில் ஒரு கொப்பிப் பக்கம் விழுந்தது. சதுரக் கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து, ஓரத்தில் ஒரு ரப்பர் அழுக்கு. பெயர் இருக்கும் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது. கணக்கு: 5¼ − 2¾. பிள்ளை எழுதியிருந்த விடை 3 2/4, அதைச் சுருக்கி 3½.

“சரியா பிழையா எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது” என்றார் டீச்சர். “இந்தப் பிள்ளை என்ன செய்திருக்கு எண்டு மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முன்வாங்கில் ஒரு பிள்ளை, “5 இல 2 போக 3, டீச்சர்.” “சரி, அப்புறம்?” “முக்கால்ல கால் போக அரை.” டீச்சர் அந்த அரையைத் திரையில் விரலால் பெரிதாக்கினார். 2/4 சுவர் முழுக்க நின்றது. “முக்கால்ல இருந்து காலை எடுக்கச் சொல்லியா கணக்குக் கேட்டது?” திரும்பவும் அமைதி. நடு வரிசையில் ஒரு பொடியன் எழும்பி, “இல்ல டீச்சர், கால்ல இருந்து முக்காலை. ஆனா அது ஏலாதே, மேல கால்தானே இருக்கு” என்றான். “ஏலாதது எப்பிடி எடுபட்டிச்சு?” “பெரிசில இருந்து சின்னதை எடுத்துட்டாங்க.”

டீச்சர் அதோடு பின்னத்தை விட்டுவிட்டார். வெண்பலகைக்குப் போய் 42 − 17 என்று எழுதி, எல்லோரையும் ஒரு துண்டுத் தாளில் செய்து தரச்சொன்னார். தரம் 7 பிள்ளைகளுக்கு இதுவா என்று சிலர் சிரித்தார்கள். துண்டுகளைப் புரட்டினார். நாலைந்தில் 35. நாலில் ஒன்று போக மூன்று, ஏழில் இரண்டு போக ஐந்து. அதே பிழை. அந்தப் பிள்ளைகளுக்குத் தடங்கல் பின்னத்தில் இல்லை. ஆரம்பப் பிரிவில், கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் தவறிய ஒன்று, ஒருவர் கண்ணிலும் படாமல் தரம் 7 வரை கூடவே வந்திருக்கிறது. டீச்சர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. 42 ஐ முப்பதும் பன்னிரண்டுமாக உடைத்தார். பிறகு திரைக்குத் திரும்பி, 5¼ இல் ஒரு முழுவை நாலு காலாக உடைத்து 4 5/4 ஆக்கச் சொன்னார். அதிலிருந்து 2¾ போனால் 2 2/4, அதாவது 2½. நடு வரிசைப் பொடியன் டீச்சர் கேட்கும் முன்பே விடையைச் சொல்லிவிட்டான். 40 நிமிடத்தில் ஒரே ஒரு கணக்கு. மணி அடித்தது.

அதிகாரியின் படிவத்தை டீச்சர் கையெழுத்துப் போடும்போது நானும் பார்த்தேன். ஊடாடும் செயலி பயன்படுத்தப்பட்டதா: இல்லை. மாணவர்கள் சாதனத்தைக் கையாண்டார்களா: இல்லை. குறிப்பு: டெப்பைக் கமராவாக மட்டும் பயன்படுத்துகிறார், வினாவிடைச் செயலிகளில் மேலும் பயிற்சி தேவை. டீச்சர் அதைச் சத்தமாக வாசித்து, “கமராவாகத்தான், உண்மைதானே” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வளவாளர் தேநீரோடு சொன்னது இங்கே படிவத்தில் ஏறிவிட்டது.

அந்தப் பாடத்துக்குப் பின்னணியில் இருந்த 2020 இன் குரல்பதிவு இரவுகளை அதிகாரி அறியமாட்டார். ஒரு கொப்பியை நிதானமாகப் பார்த்தால் பிள்ளை எந்தப் படியில் வழிதவறியது என்று தெரியும் என்பதை டீச்சர் 2020 இல், வேறு வழியில்லாத நேரத்தில் கண்டுபிடித்தார். வகுப்புக்குத் திரும்பியதும் அந்த வசதி இல்லாமல் போனது. டெப்பைக் கண்டதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இதால் ஒரு கொப்பியை முழு வகுப்புக்கும் காட்டலாமா? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும், படத்தை வெட்டுவது, பெரிதாக்குவது, அடுத்ததுக்குத் தள்ளுவது எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் பழகிவிட்டார். செயலமர்வில் ஒரு முழு நாள் இருந்தும் ஏறாதது. யாரும் கேட்காத கேள்விகளுக்கான விடைகளை அங்கே மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எனக்கு வயது குறைவுதான். எனக்கும் அன்று பாதி ஏறவில்லை.

வினாவிடைச் செயலிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. கஹூட் எனக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை முழித்திருக்க வைக்க அதைவிட்டால் வேறொன்று இல்லை. வேகமாக அழுத்துபவருக்குப் புள்ளி கூட என்பதால் சத்தம் கூரையைப் பிளக்கும். எங்கள் இளம் கணித சேர் அதே கணக்கை நாலு விடைகளோடு கஹூட்டில் போட்டுப் பார்த்தார். திரையில் நான்கு கோபுரங்கள் எழுந்தன. ஒன்று 3½ க்கு. அத்தனை பிள்ளைகள் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்று ஒரு நொடியில் தெரிந்தது. டீச்சரின் முறையில் அது இவ்வளவு விரைவாகத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு விடைகளுக்குள் 3½ எப்படி வந்தது? சேர் அதைப் பெரிய டீச்சரிடம்தான் கேட்டு வாங்கினார். சேர் தானாக யோசித்துப் போட்டிருந்த முதல் பட்டியலில் 1¼ உம் 7 உம் இருந்தன. அந்த விடைகளை ஒரு பிள்ளையும் தொடாது. தொட்டாலும் ஏன் தொட்டது என்று நமக்குத் தெரியாது. பிள்ளைகள் எப்படிப் பிழைவிடுவார்கள் என்று தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுத்தால்தான் அந்தச் செயலி கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது.

கல்வி வலயத்தின் அடுத்த செயலமர்வில் பெரிய டீச்சருக்கு அரை மணித்தியாலம் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். வளவாளராக நிற்க ஐ.சி.டி. சான்றிதழ் வேண்டுமாம். சரி, விட்டாச்சு. இப்போது செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையின் மூலையில், கொப்பிப் படங்களை வைத்துப் பிழைகளைப் பார்க்கும் டீச்சரின் அந்தப் பாடம் நடக்கிறது. கணிதம் படிப்பிக்காதவர்களும் வருகிறார்கள். தமிழ் டீச்சர் ரகர றகரக் குழப்பத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். நான் மின்சுற்றுப் படங்களோடு போனேன். மின்கலத்தின் ஒரே முனையில் இரண்டு வயரையும் கீறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று படங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

டீச்சருக்கு அடுத்த வருடம் அறுபது, ஓய்வு. டெப்பை ஒப்படைக்கும்போது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துத்தான் கொடுக்கவேண்டும். அந்தக் கலரியில் உள்ள பிழைகளை கூகுள் ட்ரைவில் ஏற்றும் வேலையை நானும் கணித சேரும் எடுத்திருக்கிறோம். பெயர் எங்கேயாவது தெரிகிறதா என்று ஒவ்வொரு படத்தையும் பார்த்து வெட்டவேண்டும் என்பது டீச்சரின் நிபந்தனை. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜீ.பீ. போதும் போலத்தான் இருக்கிறது. அடுக்குவதில்தான் சண்டை. பாடப்புத்தகத்தின் அலகு அலகாக அடுக்கவேண்டும் என்று நான் சொல்கிறேன், புதிதாக வரும் ஆசிரியருக்குத் தேட லேசு. டீச்சர் ஒத்துக்கொள்வதாக இல்லை. அலகுப்படி போட்டால் 42 − 17 ஒரு கோப்புறையிலும் 5¼ − 2¾ வேறொரு கோப்புறையிலும் போய்விடும், இரண்டும் ஒரே பிழை என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும் என்கிறார். பிழைப்படி போட்டால் தரம் 7 பின்னம் படிப்பிக்கும் ஒருவர் எதைத் திறப்பது என்று தெரியாமல் முழிப்பார் என்கிறேன் நான். போன செவ்வாயும் இதே பேச்சில் இடைவேளை முடிந்தது. இதுவரை ஏற்றியவற்றை அவர் சொன்னபடியே போட்டிருக்கிறோம். அலகு எண்ணைக் கோப்பின் பெயரில் சேர்ப்பது என்று கணித சேர் ஒரு சமரசம் வைத்திருக்கிறார். டீச்சர் இன்னும் சம்மதிக்கவில்லை.